நடந்து போன பஞ்சு

"எழுத்துப் படிச்ச கண்ணுக்குப் பஞ்சும் பூச்சியாத்தான் புள்ள தெரியும்."

உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சி, இதைச் சொன்னபோது எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் யாரும் பள்ளிக்கூட வாங்கில் அமர்ந்ததில்லை. வாப்பா கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் வைப்பார். உம்மாவும் என் மூத்த சகோதரி ராத்தாவும் அழகாகக் குர்ஆன் ஓதுவார்கள். தமிழ் எழுத்து அவர்களுக்குப் பிடிபடவில்லை. அதனால் வீட்டில் எது பிசகினாலும் அதில் என் படிப்புக்கும் ஒரு பங்கு இருந்தது. சோறு குழைந்தால் நான் புத்தகம் பார்த்தபடி வடித்தேன் என்பார்கள். கோழி அடைகாக்காமல் எழுந்து போனால் நான் பாடத்தைச் சத்தமாக வாசித்தேன் என்பார்கள். நானும் விடமாட்டேன். "கோழிக்கும் சேத்துத்தான் படிக்கிறன்" என்பேன்.

என் வயதுக்காரிகளே, மருதமுனையில் அந்த நாட்களில் வளர்ந்த உங்களுக்கு நான் பஞ்சைப் பற்றி விளக்கத் தேவையில்லை. எந்தத் தெருவில் நடந்தாலும் தறிச் சத்தம் கூடவே வரும். நூலிலிருந்து பறக்கும் பஞ்சுத் தூசி நம் புருவத்தில் இருந்தது, நுளம்பு வலையில் இருந்தது, ஊற்றி வைத்த தேநீரில் மிதந்தது. கல்முனைக்குப் படிக்கப் போனால் கல்முனைக்குடிப் பிள்ளைகள், "அந்தா பஞ்சு வருது" என்று கத்துவார்கள். "அந்தா மீன் நாறுது" என்று நாமும் திருப்பிக் கொடுப்போம். வெள்ளையாய், மெல்லியதாய், எங்கேயும் ஒட்டிக்கொண்டு கிடப்பது பஞ்சு. இதைச் சந்தேகிக்க அந்த ஊரில் யாருக்கும் காரணம் இருக்கவில்லை. அதுதான் எங்கள் பிழையாகிப்போனது.

எங்கள் தறி அறையின் யன்னல் படியில், ஒரு பால்மாத் தகரப் பேணிக்குள், ராத்தாவின் கற்றாழை இருந்தது.

புயல் தென்னைகளை முறித்துப் போட்டுவிட்டுப் போனதற்கு அடுத்த வருஷம், ராத்தாவின் மாப்பிள்ளை சவூதிக்கு வேலைக்குப் போனார். அவரை நாங்கள் மச்சான் என்போம். போகிற அன்று காலையில் சாய்ந்தமருதுக்குப் போய், தன் உம்மா வீட்டு வளவிலிருந்து ஒரு கற்றாழைக் கன்றைப் பிடுங்கி வந்தார். கலியாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத ராத்தா குசினிக்குள் நின்று அழுதுகொண்டிருந்தாள். அவளைச் சிரிக்க வைக்கத்தான் அவர் அந்தக் கன்றை வெறும் பேணிக்குள் கடல் மண்ணை அள்ளிப்போட்டு நட்டார்.

"இந்தா, இதப் பாத்துக்க. இது செழிப்பா இருந்தா நான் சுகமா இரிக்கன் எண்டு நினைச்சுக்க. வாடினா தந்தி அடி."

எல்லோரும் சிரித்தோம். ராத்தா மட்டும் சிரிக்கவில்லை. அவள் அதை அப்படியே நம்பிவிட்டாள்.

முதலில் கற்றாழை நன்றாகத்தான் இருந்தது. வாப்பாதான் அதற்கு மண் மாற்றினார். சாகாமத்துப் பக்கம் வயல் செய்தவர் அவர். கடல் மண்ணில் அவருக்கு எப்போதும் ஓர் இளக்காரம். "இதுல என்ன இரிக்கி, உப்பும் சிப்பியும்தானே. மருமகன் நட்டது இதுலயா நிக்கிற?" என்று, வயலின் கறுப்புக் களிமண்ணை உரப்பையில் கட்டிச் சைக்கிளில் கொண்டுவந்து பேணியை நிறைத்தார். பேணியின் அடியில் ஓட்டை இல்லை. ஓட்டை போட்டால் துருத்தண்ணீர் ஒழுகும். யன்னலுக்குக் கீழே நூல் குவிந்து கிடக்கும். கறை பட்டால் அந்த நூலில் நெய்த சாரன் விலை போகாது. எல்லாம் யோசித்துத்தான் செய்தோம்.

ராத்தாவுக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் மச்சான் கடிதம் எழுதமாட்டார். கெசட் நாடாவில் பேசிப் பதிந்து, லீவில் வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவார். கெசட் போடுகிற ரேடியோ எங்கள் தெருவில் சாச்சி வீட்டில் மட்டும்தான் இருந்தது. கெசட் வந்தால் உம்மாவும் சாச்சியும் நானும் பாயில் சுற்றியிருக்க, ராத்தா முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு தூண் ஓரமாக உட்காருவாள். முதலில் காற்றுச் சத்தம். பிறகு எங்கோ ஒரு லொறியின் ஹோன். மச்சான் இருமிக்கொண்டு, "எல்லாரும் சுகமா? உம்மா சுகமா? சாச்சி, ரேடியோக்கு நன்றி" என்று ஊரையெல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில்தான் ராத்தாவிடம் வருவார். "நல்லாச் சாப்பிடு" என்பார். அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லுக்காக ராத்தா கெசட்டைத் திருப்பித் திருப்பிப் போடச் சொல்வாள். நாடா சிக்கினால் அதைச் சுற்றிவிடச் சாச்சி பென்சிலைக் கேட்பார். வீட்டில் பென்சில் வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். அந்த நேரத்தில் மட்டும் என் படிப்புக்கு மரியாதை இருந்தது.

பிறகு கெசட் வரவில்லை. ராத்தா அப்போது பிள்ளைத்தாய்ச்சி; மச்சான் போன மாதத்திலேயே அது தெரிந்திருந்தது. ஒரு மாதம் போனது, அடுத்த மாதமும் போனது, ஒருவரும் ஒன்றும் கொண்டுவரவில்லை. அந்த நாட்களில்தான் கற்றாழையின் பச்சை வெளுக்கத் தொடங்கியது. மடல்கள் மெலிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தன. தொட்டால் விரல் பிசுபிசுத்தது. எறும்புகள் வரிசை கட்டின.

எறும்புக்கு உம்மாவிடம் விளக்கம் இருந்தது. நூலுக்குப் போடும் கஞ்சி அதே அறையில்தான் இருந்தது. "கஞ்சிக்குத்தான் எறும்பு வருது" என்று பானையைப் பின்புறம் கொண்டுபோய் வைத்தார். எறும்பு கஞ்சியின் பின்னால் போகவில்லை. மடல் இடுக்குகளில் படிந்த வெள்ளைக்கும் விளக்கம் தேவைப்படவில்லை, பஞ்சு. ராத்தா ஒவ்வொரு பின்னேரமும் ஈரத்துணியால் மடல்களின் முதுகைத் துடைத்துவிடுவாள். இடுக்குக்குள் துணி போகாது.

வாட்டத்துக்கு மட்டும் ஆளுக்கொரு மருந்து. உம்மா, பாவம் தாகமாக்கும் என்று, அரிசி கழுவின தண்ணீரைக் காலையில் ஊற்றினார். சாச்சிக்கு அது கண்ணூறு. "ஊரே பாத்துப் பெருமூச்சு விட்ட செடி" என்று லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கிவந்து பகலில் ஊற்றினார். ராத்தா பின்னேரம் ஊற்றினாள். வாப்பா, "வயலுக்கு அடிக்கிற எண்ணெயில கொஞ்சம் தெளிப்பமா?" என்று கேட்டார். பூச்சிமருந்தைத்தான் அவர் எண்ணெய் என்பார். "புள்ளத்தாச்சி இரிக்கிற வீட்டுக்குள்ளயா?" என்று உம்மா போட்ட சத்தத்தில் அந்த யோசனை மட்டும் நின்றது. அதற்கு இன்றைக்கும் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்கிறேன்.

ராத்தா சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போகத் தொடங்கினாள். "பசியில்ல உம்மா." தறியில் இருந்தாலும் அவள் கண் யன்னலில். மருத்துவிச்சி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "புள்ள சிறுத்துக் கிடக்கு. நீ திண்டாத்தானே அதுவும் தின்னும்" என்று ஏசினார். ராத்தா தலையாட்டினாள். அவர் போனதும் யன்னலடிக்குப் போய் நின்றாள். "அவருக்கு என்னமோ புள்ள. இது சும்மா வாடாது" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். செடிக்கும் ஆளுக்கும் தொடர்பில்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செடியைத்தான் பிழைக்க வைக்கவேண்டும் என்று நினைத்தேன்.

ஒருநாள் யன்னல் வெளிச்சத்தில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தேன். கணக்குப் பிடிபடாமல் கற்றாழையைப் பார்த்தபடி இருந்தபோது, ஒரு பஞ்சுத் துணுக்கு மடலின் விளிம்பில் மெதுவாக ஏறியது. காற்றாக்கும் என்று மூச்சை அடக்கினேன். காற்று இல்லை. அது நின்றது, திரும்பியது, மறுபடி நடந்தது.

நகத்தால் நசுக்கினேன். செம்மஞ்சளாக ஒரு ஈரம். பஞ்சை நசுக்கினால் நிறம் வராது.

"உம்மா! இது பஞ்சில்ல! பூச்சி!"

அப்போதுதான் சாச்சி, படிச்ச கண்ணுக்குப் பஞ்சும் பூச்சியாகத் தெரியும் என்ற அந்த வார்த்தையைச் சொன்னார். உம்மாவும் சிரித்தார். எனக்கு வந்த கோபத்தை இன்றும் ஞாபகம் வைத்திருக்கிறேன். தறியிலிருந்து ஒரு துளி உண்மையான பஞ்சை எடுத்தேன். மடல் இடுக்கிலிருந்து ஈர்க்கால் ஒரு துளி எடுத்தேன். இரண்டையும் ராத்தாவின் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"ஆடாம வெச்சிரிங்க ராத்தா. கொஞ்சம் பொறுங்க."

எல்லோரும் குனிந்தோம். ஒன்று கிடந்தது. மற்றது ராத்தாவின் ரேகை வழியே நடந்தது.

"அல்லாஹ்வே!" என்று ராத்தா கையை உதறினாள். அது சாச்சியின் மடியில் விழுந்தது. சாச்சி துள்ளி எழுந்த வேகத்தில் நூல் கூடை கவிழ்ந்தது. பல நாட்களுக்குப் பிறகு ராத்தா வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

நானும் ராத்தாவும் கிணற்றடிக்குப் பேணியைத் தூக்கிக்கொண்டு போனோம். பூச்சி இருந்தது மடல்கள் ஒன்றையொன்று தழுவும் இடுக்குகளில். துணி போகாது, விரலும் போகாது. ராத்தா கொஞ்சம் யோசித்துவிட்டு, தறியில் மிஞ்சிய நூலிழை ஒன்றைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து, மடலுக்கும் மடலுக்கும் இடையில் கொடுத்து, இரண்டு முனையையும் பிடித்து இங்கும் அங்கும் இழுத்தாள். இழை வெள்ளையாகப் போய்ச் செம்மஞ்சளாக வந்தது. அறுந்த நூலை இருட்டிலும் முடிச்சுப் போடுகிற விரல்கள் அவளுடையவை; ஒரு மடல்கூட முறியவில்லை. "பல்லு விளக்குற மாதிரி இரிக்கி" என்றாள்.

பேணியைக் கவிழ்த்தபோது வாய்க்கால் சேற்றின் நாற்றம் வந்தது. வாப்பாவின் களிமண் கட்டியாக விழுந்தது. வேர்கள் நனைந்த சணல் போலக் கையோடு வந்தன. பூச்சி பாதி, தண்ணீர் பாதி என்று அப்போதுதான் விளங்கியது. வரண்ட இடத்துச் செடிகள் இலையில் தண்ணீர் சேமிக்கும் என்று என் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. அதற்கு மேல் புத்தகத்தில் ஒன்றும் இல்லை. அழுகியதை வெட்டவேண்டும் என்றேன். வெட்டினோம். அடிக்கட்டையில் வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டி, அடுப்புச் சாம்பல் பூசினோம்.

"இப்ப நடுவமா?" என்றேன்.

ராத்தா தலையசைத்து மறுத்தாள். "சுன்னத்து வெச்ச புள்ளைக்குப் புண்ணு காயுற மட்டும் தண்ணி காட்டப்படாது எண்டு உம்மாதானே சொல்லுவா. இதுவும் புண்ணுதானே?"

அப்படித்தான் அந்தக் கற்றாழை, மண்ணும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல், அரிசி புடைக்கிற ஒரு பழைய சுளகில் அலுமாரிக்கு மேல் கிடந்தது. சாச்சி வந்து பார்த்துவிட்டு, "சாரனும் கட்டிவிட்டு விசிறியும் குடுங்க சுன்னத்து மாப்பிள்ளைக்கி" என்று நக்கலடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி உம்மாவிடம், "உசிரோட இரிக்கிறத மையத்துப் போலக் கிடத்தி வெச்சிரிக்காளுகள். அதுக்கு ஒண்டு ஆகினா இவ என்ன ஆகுவா? படிச்சவளச் சொல்லி என்ன, நம்பினவளச் சொல்லணும்" என்றது என் காதிலும் விழுந்தது. அந்த இரவு நான் ஓதாத துஆ இல்லை.

சுளகில் கற்றாழை சுருங்கிக்கொண்டே போனது. நுனிகள் பழுப்பாயின. அந்த வாரமே சவூதியிலிருந்து லீவில் ஒருவர் பக்கத்துத் தெருவுக்கு வந்திருந்தார். உம்மா போய் விசாரித்தார். "அவர் வேற இடம் மாறிட்டாராம். இவர் காணல்லயாம்" என்று வந்து சொன்னார். வேறு ஒன்றும் தெரியவில்லை.

ராத்தா முக்காலியில் ஏறி, அந்த வயிற்றோடு, சுளகை இறக்கினாள். ஒரு கையில் கற்றாழை, மறு கையில் தண்ணீர்ச் செம்பு.

"போதும் புள்ள. சாகுறதெண்டா நாலு சொட்டுத் தண்ணி குடிச்சிட்டுச் சாகட்டும். தொண்ட காய்ஞ்சு போக விடப்படாது."

கண்மூடப்போகிறவர்களின் வாயில் நாம் விடுகிற தண்ணீரைத்தான் அவள் சொன்னாள். செம்பைப் பிடுங்க எனக்கு வயது போதாது. அவள் முன்னால் நின்றுகொண்டு, கற்றாழையின் ஆகக் கீழிருந்த, ஆக மெலிந்த மடலை முறித்தேன்.

உள்ளேயிருந்து கண்ணாடி போலச் சாறு இறங்கி அவள் புறங்கையில் வழிந்தது. அவ்வளவு நாள் காய்ந்து கிடந்த செடியிலிருந்து.

"பாருங்க ராத்தா. தண்ணி உள்ளுக்க இரிக்கி. நாம குடுக்காட்டியும் அது குடிச்சிட்டுத்தான் இரிக்கி."

அவள் அந்தச் சாற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நம்மட கண்ணுல படாட்டியும், நம்ம கையால குடுக்காட்டியும், அது பாட்டுக்கு இரிக்கும் எண்டுறியா?"

"ஓம் ராத்தா. இரிக்கும்."

செடியைத்தான் சொன்னேனா என்று எனக்குத் தெரியாது. அவள் செம்பை வைத்தாள். வழிந்த சாற்றை வீணாக்காமல் வெடித்திருந்த தன் விரல்களில் பூசிக்கொண்டாள். பிறகு, "கறி என்ன உம்மா?" என்று குசினிப் பக்கம் திரும்பிக் கேட்டாள். கீரிமீன். உம்மா சோற்றுக் கோப்பையை நிறைத்துக் கொடுத்துவிட்டு, அவள் சாப்பிட்டு முடியும்வரை வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

அடிக்கட்டை காய்ந்து தோல் போட்டதும், ராத்தா பேணியைக் கவிழ்த்து வைத்து ஆணியால் ஓட்டைகள் போட்டாள். நான் கடல் மண்ணை அள்ளிவந்து, உப்புப் போகக் கழுவிக் காயவைத்து, செங்கல் துண்டுகளோடு கலந்தேன். வாப்பா பார்த்துக்கொண்டு நின்றார். "கடசியில உப்பு மண்ணுதான் வெண்டிட்டு" என்றார், பாதிச் சிரிப்போடு. பூச்சி வடிக்கிற இனிப்புக்குத்தான் எறும்பு வந்தது என்று விளங்கியிருந்ததால், இனி எறும்பு ஏறாதபடி தண்ணீர்த் தட்டின் நடுவில் ஒரு கல்லை வைத்து அதன் மேல் பேணியை வைத்தோம். துருத்தண்ணீரும் அந்தத் தட்டுக்குள்ளேயே விழுந்தது. செம்பு ராத்தாவின் கையில் இருக்கும். நான் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, "இண்டைக்கு வேணாம்" என்பேன். ஊற்றுவதைவிட ஊற்றாமல் இருப்பதுதான் அவளுக்குப் பெரிய வேலையாக இருந்தது.

நடுக்குருத்து பச்சையாகக் கூர்விட்ட அன்று ராத்தா என்னைப் பள்ளிக்கூடத்துக்குப் பிந்த வைத்துவிட்டாள். பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று.

பிள்ளை பிறந்து நாற்பதாம் நாள் கழிந்த பிறகுதான் மச்சானின் கெசட் வந்தது. வனாந்தரத்தில் றோட்டுப் போடும் வேலைக்கு மாற்றிவிட்டார்களாம். ஊருக்கு வருகிற ஆள் ஒருவரும் அங்கே அகப்படவில்லையாம். ராத்தா அழுதாள், நாங்களும் அழுதோம். பதிலுக்குச் சாச்சி வீட்டு ரேடியோவில் புதுக் கெசட்டைப் போட்டு எல்லோரும் பேசினோம். பிள்ளையை அழவிட்டும் பதிந்தோம். ராத்தா வெட்கப்பட்டுக்கொண்டு கொஞ்சம் பேசினாள். அதில் பாதி கற்றாழையைப் பற்றி. வாடினது, பூச்சி பிடித்தது, சுளகில் கிடந்தது, குருத்து விட்டது, எல்லாம்.

அடுத்த கெசட்டில் மச்சானின் பதில் வந்தது. காற்று, இருமல், ஊர் விசாரிப்பு. பிறகு: "அது சரி, நீ என்ன கத்தாழயச் சொல்லுற? ... ஆ! அந்தப் பேணியில நட்டதா? அது இன்னும் இரிக்கா? நான் மறந்தே போனன்."

சாச்சி சட்டென்று ரேடியோவை நிறுத்தினார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ராத்தா பிள்ளையை மடியில் போட்டபடி குனிந்திருந்தாள். அவளுடைய தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று உம்மா கிட்டப் போனார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மறந்துட்டாராம் உம்மா! நான் இஞ்ச சோறு தின்னாமக் கிடந்தன், அவர் மறந்துட்டாராம்!" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி. அப்ப இது என்டதான்."

அதன்பிறகு தெருவில் யாருக்குச் சூடு பட்டாலும், "ராத்தாட்டக் கேளு" என்று மடலுக்கு எங்கள் வேலிக் கடப்படிக்குத்தான் வருவார்கள். அவள் பெருமையோடு அறுத்துக் கொடுப்பாள்.

இப்போது யோசித்தால், அந்த வீட்டில் யாருமே கெடுதி நினைக்கவில்லை. அரிசித் தண்ணீர், ஓதின தண்ணீர், வயல் மண், ஓட்டையில்லாத பேணி, எல்லாமே அன்பு. அந்த அன்பில்தான் வேர் அழுகியது. சாச்சியின் வார்த்தையும் அந்த வகைதான். ராத்தாவுக்கு ஒன்று ஆகிவிடுமோ என்ற பயம் அவருக்கு. அதை அவருக்கு நக்கலாகத்தான் சொல்லத் தெரிந்தது. அந்தப் பேணியும் இன்று இல்லை, துருவேறி உதிர்ந்துவிட்டது. ரேடியோவைச் சாச்சி யாருக்கோ கொடுத்துவிட்டார். மச்சானின் இருமல் இருந்த கெசட்டின் மேல் பிள்ளைகள் பாட்டுப் பதிந்துவிட்டார்கள்.

நான் பெரியபிள்ளையானபோது, இனிப் பள்ளிக்கூடம் போதும் என்று பேச்சு வந்தது. உங்களில் பலருக்கு அந்தப் பேச்சோடு படிப்பு முடிந்தது என்று எனக்குத் தெரியும். எனக்கு முடியவில்லை. ராத்தா தறியை நிறுத்தாமலேயே, "நான் நெய்யிறன், அவ போகட்டும்" என்றாள். வாப்பா சாச்சியின் முகத்தைப் பார்த்தார். சாச்சி எழுந்து தன் வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது கையில், இலையெல்லாம் சுருண்ட ஒரு ரோசாச் செடி, சட்டியோடு.

"அந்தப் படிச்ச கண்ணால இத ஒருக்காப் பாரு புள்ள" என்றார்.

விவசாயம் படிக்க நான் மலைநாட்டுக்கு வந்து இது முதல் மாதம். இங்கே மழை நிற்பதில்லை. ராத்தா பஸ் நிலையத்தில் என் பையில் திணித்துவிட்ட கற்றாழைக் குட்டி இன்னொரு பால்மாப் பேணிக்குள் விடுதி யன்னலில் இருக்கிறது. என் அறைத் தோழி நல்ல பிள்ளை; முகம் கழுவிவிட்டு வரும்போதெல்லாம் அதற்கும் ஒரு கை தண்ணீர் தெளிக்க வருகிறாள். அவளிடம் நான் கோபிக்கவில்லை. வந்த அன்றே, பெட்டியைத் திறப்பதற்கும் குட்டியை நடுவதற்கும் முன், பேணியைக் கவிழ்த்து ஆணியால் அடியில் ஓட்டைகள் போட்டுவிட்டேன்.